தெளிந்த நீரை நம்ப வேண்டாம்: இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஓடைகளைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு லண்டனில் டூட்டிங், மிட்சம் பகுதிகளில் வாழும் தமிழர் பலர் அன்றாடம் கடந்து செல்லும் வாண்டில் ஆறு, கார்ஷால்டனிலும் கிராய்டன் அருகிலும் ஊற்றெடுத்து வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸுடன் கலக்கும் ஒரு சீமைச்சுண்ணாம்பு ஓடை. மழைநீர் மென்மையான சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகள் வழியே இறங்கி, நிலத்தடியில் தங்கி, எல்லாப் பருவத்திலும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுடன் ஊற்றாக வெளிவருவதால் இவ்வகை ஓடைகளின் நீர் பளிங்குபோல் இருக்கும். உலகில் இத்தகைய ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும்தான் உள்ளன. அவற்றை மாசிலிருந்து காக்க முனைவோரை முதலில் ஏமாற்றுவதும் அந்தத் தெளிவுதான்.

தெளிந்த நீரைத் தூய நீர் என்று எண்ணிவிடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2013 ஜூலையில், வில்ட்ஷர் மாவட்டத்து மார்ல்பரோ நகருக்குக் கீழே, கென்னட் ஆற்றில் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவுக்குச் சிறு நன்னீர் இறால்களும் பூச்சிகளும் ஏறக்குறைய முற்றாக அழிந்தன. சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக ஆற்றை அடைந்த குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியே காரணம். அதன் அளவு இரண்டு தேக்கரண்டி இருந்தாலே போதும் என்று அப்போது சொல்லப்பட்டது. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆற்றுப் பூச்சிகளை முறையாக எண்ணிவந்த உள்ளூர்த் தன்னார்வலர்கள். மூன்று நிமிடம் ஆற்றின் அடிக்கூழாங்கற்களைக் காலால் கிளறி, அடித்துவரும் உயிர்களை வலையில் பிடித்து, எட்டு வகைகளாகப் பிரித்து எண்ணுவது அவர்களுடைய முறை. எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே சரிந்தால் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிப்பார்கள். நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்து தடவிய கையோடு அதை ஓடையில் நீந்த விடுகிறவர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவில் கொள்வது நல்லது. அம்மருந்துகள் பலவற்றில் உள்ள பிப்ரோனிலும் இமிடாகுளோபிரிடும் பூச்சிகளைக் கொல்வதற்கென்றே உருவானவை.

நீரைச் சோதிக்கும்போது, ஒரே ஒரு மாதிரியை, அதுவும் சந்தேகத்துக்குரிய குழாய்க்குக் கீழே மட்டும் எடுப்பது வீண்வேலை. குழாய்க்கு மேலேயும் கீழேயும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட்டால்தான் கழிவுநீரிலும் உரத்திலும் இருந்து வந்து பாசியைப் பெருக்கும் பாஸ்பேட் என்னும் சத்துப்பொருள் எங்கிருந்து சேர்கிறது என்று சொல்ல முடியும். குடிநீருக்காக நிலத்தடி நீர் உறிஞ்சப்படும் பள்ளத்தாக்குகளில் கோடையில் ஓட்டம் மெலிந்து, அதே அளவு கழிவு அடர்த்தியாகிவிடுகிறது. ஆகவே குளிர்காலக் கணக்கைக் கொண்டு கோடையை மதிப்பிடக் கூடாது.

அடுத்து, கழிவுநீர் நிறுவனங்கள் வெளியிடும் புள்ளிவிவரங்களைத் தவறாகப் படிப்பது. 2023 இறுதிக்குள் இங்கிலாந்தின் புயல்நீர் வழிவாய்கள் (கனமழையில் கழிவுக் குழாய்கள் நிரம்பும்போது மிகுதியை ஆற்றிலோ கடலிலோ விடும் திறப்புகள்) அனைத்திலும் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தி முடிக்கப்பட்டன. அவை காட்டுவது கழிவு வழிந்த நேரத்தைத்தான். எவ்வளவு வழிந்தது என்பதை அவை அளப்பதில்லை. நூறு மணி நேரம் கசிந்த ஒரு வழிவாயைவிட ஐந்து மணி நேரம் கொட்டிய இன்னொன்று அதிகக் கேடு செய்திருக்கலாம். மேலும், சுண்ணாம்புப் பள்ளத்தாக்குகளில் மழை நின்று பல நாளான பிறகும் வழிதல் தொடர்வதுண்டு. உயர்ந்துவிட்ட நிலத்தடி நீர், விரிசல் கண்ட கழிவுக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை நிரப்பிவிடுவதே இதற்குக் காரணம். இத்தகைய இடத்தில் பெரிய தேக்கத் தொட்டி கேட்டுப் போராடுவதைவிடக் குழாய்களின் விரிசலை அடைக்கக் கோருவதே பயன் தரும். மனு எழுதுவதற்கு முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததால் நல்ல மனுக்கள் பல வீணாகின்றன என்பது என் எண்ணம்.

நிறுவனங்களை மட்டுமே குறை சொல்லிவிட்டு வீட்டுக் குழாயை மறப்பதும் உண்டு. மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் ஓடும் புறநகர்களில், வீட்டைப் பின்பக்கம் நீட்டிப் புதுச் சமையலறை கட்டும்போது வாஷிங் மெஷின் குழாயை மழைநீர்க் குழாயில் இணைத்துவிட்டால், சோப்பு நீர் எந்தச் சுத்திகரிப்பும் இன்றி ஓடைக்குப் போகும். தெருவில் கார் கழுவும் நீருக்கும் பெரும்பாலும் இதே வழிதான். வடை சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றுவது வேறு வகைக் கேடு: அது உறைந்து குழாயை அடைக்க, அடைபட்ட கழிவு வேறு வழி தேடும். 2017இல் லண்டன் வைட்சேப்பலில் தெருவுக்கு அடியில் கண்டெடுத்த கொழுப்புப் பாளம் 130 டன் எடை இருந்தது.

வயல் உரத்திலிருந்து நீரில் கரைந்து வரும் நைட்ரேட் விஷயத்தில் அவசரம் உதவாது. சுண்ணாம்புப் பாறையில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் கீழிறங்குகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் வயலில் இட்ட உரம் இன்று ஊற்றில் வருகிறதென்றால், இப்போது உரத்தைக் குறைத்த விவசாயியைக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

துப்புரவு நாட்களில் நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்குவதையும், விழுந்து கிடக்கும் மரக்கிளைகளையெல்லாம் அகற்றுவதையும் தவிர்க்க வேண்டும்; பூச்சிகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் அவையே வீடு. பிளாஸ்டிக்கை எடுத்தால் போதும். நவம்பர் தொடங்கி வசந்தம் வரை ஆற்றுக்குள் இறங்கி நடக்கவே கூடாது, ஏனெனில் ட்ரவுட் மீன்களின் முட்டைகள் அப்போது கூழாங்கற்களுக்கு அடியில் இருக்கும்.

செத்து மிதக்கும் மீனைக் கண்டால் படம் எடுத்துப் பகிர்வதோடு நிறுத்திவிடுவதும் தவறே. சுற்றுச்சூழல் முகமையின் 24 மணி நேர எண் 0800 80 70 60. நேரம், இடம், ஆற்றின் மேற்புறம் எதுவரை நீர் இயல்பாக இருக்கிறது ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். மாசு புகுந்த குழாயைத் தேடிவரும் அதிகாரி அந்த மூன்றாவது விவரத்திலிருந்துதான் தொடங்குவார்.