சேலத்திலிருந்து இரட்டையர் ஆட்டக்காரராக: இறகுப்பந்தில் இணையாக வளர ஒரு வழிகாட்டி

சேலத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எந்த ஷட்டில் கோர்ட்டுக்குள் நுழைந்தாலும் நால்வர் நால்வராகத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். வங்கி ஊழியர், ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லாரும் ஆடுவது இரட்டையர் ஆட்டமே. அதே கோர்ட்டுக்கு மாலையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால், ஒருவர் பாக்கியில்லாமல் ஒற்றையர் ஆடப்போவதாகச் சொல்கிறார்கள். ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்றவர்களுக்கு மிச்சமிருப்பதுதான் இரட்டையர் என்ற எண்ணம் பெற்றோரிடம் வேரூன்றியிருக்கிறது. வருத்தத்தோடு சொல்கிறேன், பயிற்சியாளர்கள் பலரிடமும் இருக்கிறது. இந்த எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் இரட்டையரில் தொழில்முறை ஆட்டக்காரராக வளர்வது கடினம். ஆகவே முதலில் அதை விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

2011இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜுவாலா குட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் பெண்கள் இரட்டையரில் வெண்கலம் வென்றபோதே நமக்குக் கண் திறந்திருக்க வேண்டும். ஆந்திரத்தின் அமலாபுரத்தில் பிறந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் மும்பையின் சிராக் ஷெட்டியும் 2023இல் ஆசிய சாம்பியன் பட்டம், இந்தோனேசிய ஓபன் பட்டம், ஆசிய விளையாட்டுத் தங்கம் ஆகிய மூன்றையும் வென்று, அதே ஆண்டு அக்டோபரில் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கும் சென்றார்கள். அமலாபுரம் சேலத்தைவிடச் சிறிய ஊர் என்பதை நம் ஊர்ப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

எந்த வயதில் இரட்டையருக்கு மாறுவது என்ற கேள்விக்கு என் பதில் இது. பதினான்கு வயது வரை இரண்டையும் ஆடட்டும். கால்வேகத்துக்கும் பொறுமைக்கும் ஒற்றையரைப்போல நல்ல ஆசான் இல்லை. பதினைந்து, பதினாறு வயதுக்குள் முடிவெடுத்துவிட வேண்டும். நீண்ட ராலிகளில் (ஒரு புள்ளி முடியும்வரை மாறி மாறி அடிப்பதில்) சோர்ந்துபோகிற, ஆனால் நெட்டுக்கு அருகில் வரும் காக் எனப்படும் இறகுப்பந்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அடித்து முடிக்கிற பிள்ளையை நீங்கள் கவனித்திருந்தால், அந்தப் பிள்ளை இரட்டையருக்கு உரியது. தோற்ற பிறகும் பக்கத்தில் நின்றவரைக் குறை சொல்லாத குணத்தை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் கைவேகத்தைப் பயிற்சியில் கூட்டிவிடலாம், குணத்தை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. இன்னொரு நன்மையும் உண்டு. இரட்டையரில் ஆட்ட வாழ்வு நீளமானது. இந்தோனேசியாவின் ஹெந்த்ரா செத்தியாவான் முகமது அஹ்சானுடன் சேர்ந்து 2019ஆம் ஆண்டு உலகப் பட்டத்தை வென்ற ஆகஸ்ட் 25ஆம் நாள் அவருடைய 35ஆவது பிறந்தநாள். அதே நாளில், அதே பாசல் அரங்கில்தான் சிந்துவும் உலக சாம்பியன் ஆனார்.

சர்வீஸிலிருந்து தொடங்குங்கள்

இரட்டையருக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது ஸ்மாஷ், அதாவது மேலிருந்து கீழ்நோக்கி வேகமாக அடிப்பது. நான் முதலில் கொடுப்பது சர்வீஸ். இரட்டையர் சர்வீஸ் கட்டம் ஒற்றையர் கட்டத்தைவிட அகலம் கூடியது, நீளம் குறைந்தது: நெட்டுக்கு அருகிலுள்ள குறுங்கோட்டிலிருந்து இரட்டையர் சர்வீஸுக்கான பின்கோடு வரை 3.96 மீட்டர் மட்டுமே. ஆகவே எதிரில் நிற்பவர் குறுங்கோட்டை ஒட்டி முன்னால் சாய்ந்து, ராக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உங்கள் காக் ஒரு சாண் உயர்ந்தாலும் பாய்ந்து அடிக்கக் காத்திருப்பார். 2006இல் இப்போதைய 21 புள்ளி முறை வந்ததிலிருந்து ஒவ்வொரு ராலியும் ஒரு புள்ளி. முன்பு இருந்த இரண்டாவது சர்வீஸ் வாய்ப்பும் இல்லாமல் போனது. ஒரு சர்வீஸ் நெட்டைத் தாண்டாமல் விழுந்தால் எதிரணிக்குப் புள்ளியும் போகிறது, சர்வீஸும் போகிறது.

பயிற்சி முறை எளிது. காக் மீது ராக்கெட் படும்போது முழு காக்கும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கம்புகளை நட்டு அந்த உயரத்தில் ஒரு நூலைக் கட்டி, அதன் பின்னால் நின்று சர்வீஸ் போடப் பழகுங்கள். நெட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இன்னொரு நூலைக் கட்டி, காக் நெட்டுக்கும் அந்த நூலுக்கும் நடுவே நுழைந்து குறுங்கோட்டின்மேல் விழும்படி நாள்தோறும் நூறு சர்வீஸ் போடுங்கள். பத்தில் ஒன்றை அதே கையசைவோடு ஃபிளிக் செய்து (கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டி) பின்னால் அனுப்பப் பழக வேண்டும். அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற ஒன்பதும் அடிவாங்கும்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பழக்கிய இரு பையன்கள் மாநிலப் போட்டியின் காலிறுதியில் மூன்றாவது கேமில் 19-19 என்று நின்றார்கள். சர்வீஸ் எங்களுடையது. பையன் காக்கின் இறகைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கியது காலரியிலிருந்த எனக்குத் தெரிந்தது. முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்தது. அடுத்த ராலியில் அவன் பயந்துபோய்ப் பின்னால் தூக்கிக் கொடுத்த காக் ஸ்மாஷாகத் திரும்பியது, ஆட்டம் முடிந்தது. அன்றிரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். பயிற்சியின் தொடக்கத்தில், உடல் களைப்பில்லாதபோது மட்டுமே அவனைச் சர்வீஸ் போடவைத்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின், இரண்டு மணி நேரப் பயிற்சி முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில், மற்றவர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்க்க, ஒவ்வொருவரும் இருபது சர்வீஸ் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சர்வீஸை எதிர்கொள்வதும் அதே அளவு நேரம் கேட்கும். இரட்டையரில் முதல் மூன்று அடிகளிலேயே யார் தாக்குவது, யார் தடுப்பது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. காக்கைத் தூக்கிக் கொடுத்தவர்கள் பக்கவாட்டில் பிரிந்து தடுக்கிறார்கள். கீழ்நோக்கி அடிப்பவர்கள் முன்னும் பின்னுமாக நின்று தாக்குகிறார்கள். ஸ்மாஷ் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதை அடிக்கும் இடத்துக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது அந்த மூன்று அடிகள்தான்.

யாரோடு ஆடுவது

பெரும்பாலான பெற்றோர் தம் பிள்ளையின் நண்பரையோ, ஒரே வேனில் வரும் பிள்ளையையோ இணையாகச் சேர்த்துவிடுகிறார்கள். போக்குவரத்துக்கு அது வசதி, ஆட்டத்துக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை. ஒருவர் பின்களத்திலிருந்து ஓயாமல் அடிக்கக்கூடியவராகவும், மற்றவர் நெட்டருகில் வேட்டையாடக்கூடியவராகவும் இருப்பது வழக்கமான பொருத்தம். ஒருவர் இடக்கைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. இருவரின் ஃபோர்ஹாண்டும் (ராக்கெட் பிடித்த கைப்பக்கத்து அடியும்) சேர்ந்து அகலமான பரப்பைக் காக்கும், எதிரணிக்கும் கணக்குத் தவறும். ஜுவாலா இடக்கை, அஸ்வினி வலக்கை. ஆனால் இதையே சட்டமாக்கிவிட வேண்டாம். சாத்விக்கும் சிராக்கும் இருவருமே பின்களத்து ஆட்டக்காரர்கள்; மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் அவர்களைச் சேர்த்தபோது, முன்களத்தை உழைத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சேர்ந்த பிறகு முதல் வேலை, நடுவில் வரும் காக் யாருடையது என்று முடிவு செய்வது. நான் சொல்லித்தருவது இதுதான்: எதிராளி அடிக்கும் பக்கத்துக்கு நேராக நிற்பவர் ஓரக் கோட்டைக் காக்கட்டும், குறுக்கே நிற்பவர் நடுவை எடுக்கட்டும். உங்கள் ஏற்பாடு வேறாக இருக்கலாம். ஏதாவது ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும், அது அழுத்தத்திலும் மாறாமல் இருக்க வேண்டும். ஆட்டத்தின்போது "எனக்கு", "உனக்கு", "விடு" என்ற மூன்று சொற்களை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். அம்மாபேட்டையிலிருந்து வந்த இரு பெண் பிள்ளைகள் கூச்சத்தால் வாய் திறக்காமலேயே ஆடினார்கள். இருவரும் ஒரே காக்குக்குப் போய் ராக்கெட்டுகள் மோதி, ஒருத்தியின் ராக்கெட் ஃபிரேம் உடைந்த அன்றுதான் குரல் வந்தது.

நம் மாவட்டத்தில் இணைக்குத் தகுந்த ஆள் கிடைக்காவிட்டால் வெளியே தேடுவதில் தவறில்லை. தமிழ்நாட்டின் ஹரிஹரன் அம்சகருணன் கேரளத்தின் எம். ஆர். அர்ஜுனுடன் சேர்ந்து சர்வதேசப் போட்டிகளில் ஆடியிருக்கிறார்.

வெயில், மலை, காக்

சேலத்தின் வெயிலுக்கும் காக்குக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டால் செலவு பாதியாகக் குறையாவிட்டாலும் கணிசமாகக் குறையும். மார்ச் முதல் மே வரை காற்று காய்ந்து இறகு முறுகிவிடும். பத்து ஸ்மாஷிலேயே உடையும். ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு கெட்டிலில் நீரைக் கொதிக்கவைத்து, டியூபின் இரு மூடிகளையும் கழற்றி, இறகுப் பக்கம் ஆவி படும்படி சில நொடிகள் மட்டும் காட்டி, மூடிவைத்துவிடுங்கள். அதிக நேரம் காட்டினால் காக் கனத்து வேகம் குறையும். வெப்பமான காற்றில் காக் தூரம் போகும் என்பதால் கோடையில், டியூபில் குறித்திருக்கும் வேக எண் குறைந்த காக் வாங்க வேண்டும். ஏற்காட்டில் ஆடினால் கணக்கு மாறும்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்று காக்கை விரைவாக்கும், குளிர் அதை இழுத்துப் பிடிக்கும். எங்கே ஆடினாலும், பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் சரியான வேகம்.

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிள்ளைகளை ஓடவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரட்டையருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரட்டையர் ராலி சில நொடிகளில் வெடித்து முடிவது. அதற்கு வேண்டியது குறுகிய பாய்ச்சலும் உடனே நின்று திரும்பும் திறனும். போட்டி இல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை அடிவாரத்திலிருந்து ஏறி நடப்பது நல்லது. இறக்கத்தில் ஓடவே வேண்டாம், முழங்கால் தேயும்.

ஏணிப்படிகளும் பணமும்

வழி தெளிவானது: மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், இந்திய பாட்மிண்டன் சங்கத்தின் பதிவு எண், பிறகு வயதுப் பிரிவுகளின் தேசியத் தரவரிசைப் போட்டிகள். பிறப்புச் சான்றிதழ் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பத்து வயதிலேயே பார்த்துவிடுங்கள். மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள், உதவித்தொகைத் திட்டங்கள் பற்றி ஆண்டுதோறும் நேரில் கேட்பது நல்லது. போட்டிப் பயணச் செலவுக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்கலாம்.

சர்வதேசத் தரவரிசையில் இணைக்கு 52 வாரங்களின் சிறந்த பத்துப் போட்டிகள் கணக்கில் வரும். போட்டியின் தரம் உயர உயரப் புள்ளியும் கூடும்: கீழ்ப்படியிலுள்ள ஃபியூச்சர் சீரிஸ் பட்டத்துக்கு 1,700 புள்ளி, இன்டர்நேஷனல் சேலஞ்சுக்கு 4,000, சூப்பர் 100க்கு 5,500, சூப்பர் 1000க்கு 12,000. தொடக்கத்தில் வெளிநாட்டுக்கு ஓடாமல், இந்தியாவிலேயே நடக்கும் இன்டர்நேஷனல் சேலஞ்ச் போட்டிகளையும் கட்டாக், குவாஹாட்டி சூப்பர் 100 போட்டிகளையும் குறிவைப்பதே சிக்கனம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். சூப்பர் 100 போட்டி ஒன்றின் மொத்தப் பரிசு 1 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒற்றையர் சாம்பியனுக்கு 7,500 டாலர். இரட்டையர் சாம்பியன் இணைக்கு 7,900, அதை இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றுத் திரும்பினால் விமானச் செலவு முழுவதும் கைப்பணம். ஆகவே வேலை என்பது கனவுக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், வருமான வரித்துறை ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தமிழக அரசுப் பணிகளிலும் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அந்த விண்ணப்பங்களில் பட்டம் கேட்கும் பதவிகள் பல. சான்றிதழ்களை, டிரா ஷீட்டுகளையும் (யார் யாரோடு மோதினார்கள் என்ற ஆட்டப் பட்டியல்களையும்) சேர்த்து, ஆண்டுவாரியாகக் கோப்பில் வைத்திருங்கள்.

இணை பிரியும்போது

பெரும்பாலான இணைகள் ஒருநாள் பிரியும். தரவரிசைப் புள்ளி இணைக்கு உரியது என்பதால் பிரிவு இருவரையும் கீழே இறக்கும். அதனால் ஒரு தோல்வியின் சூட்டில் அந்த முடிவை எடுக்காதீர்கள். சீசன் முடியும் வரை பொறுத்து, இருவரும் பயிற்சியாளர் முன்னிலையில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுங்கள். ஏற்கெனவே பெயர் கொடுத்த போட்டிகளைச் சேர்ந்தே ஆடி முடியுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிப் பிரித்த இணைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஒரே கோர்ட்டுக்கு வந்தும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். 19-19இல் சர்வீஸை நெட்டில் போட்ட அந்தப் பையனும் அவனுடைய இணையும் மேலும் நான்கு ஆண்டுகள் ஒன்றாக ஆடிவிட்டுத்தான் பிரிந்தார்கள். இன்று இருவரும் வேறு வேறு ஊர்களில் வேலையில் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்குச் சேலம் வந்தால் காலையில் கோர்ட்டுக்கு வந்து பெரியவர்களோடு ஆடுகிறார்கள், எப்போதும் ஒரே பக்கத்தில் நின்று.