மூச்சுத் திணறும் நோயாளி: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

நோய் முற்றி வீட்டோடு இருப்பவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும், பல வீடுகளில் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்துகிறார்கள். "குளிர்காற்று ஆகாது" என்று ஃபேனும் நிற்கும். அப்புறம் கழுத்துவரை போர்வை, கட்டிலைச் சுற்றி உறவுக்கூட்டம், மூலையில் சாம்பிராணி. எல்லாமே தலைகீழ். மூக்கு, கன்னம், மேலுதட்டில் குளிர்ந்த காற்று படும்போது அங்குள்ள நரம்புகள் வழியாகத் திணறல் உணர்வு தணிகிறது. பேட்டரியில் ஓடும் சின்னக் கைவிசிறியை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும். பனையோலை விசிறியும் சரிதான், வீசுகிறவருக்குத்தான் கை வலிக்கும்.

திணறுகிறவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, எதிரே ஸ்டூலில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அதன்மேல் கைகளை ஊன்றிச் சாயவிடுங்கள். "நல்லா இழு, இழு" என்று அவசரப்படுத்துவதும் வேண்டாம். ஏற்கெனவே வேகமாக இழுத்துத்தான் களைத்திருக்கிறார். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி வெளியே விடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஊதுங்கள்.

அதிகம் காசு கரைவது ஆக்சிஜனில். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவர்களுக்கு ஆக்சிஜனையும் சாதாரணக் காற்றையும் மூக்குக் குழாய் வழியே கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளியானது. திணறல் குறைந்ததில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ரத்த ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி, சரியான அளவான 95 சதவீதத்தைக் காட்டும்போதும் ஒருவருக்கு மூச்சு முட்டலாம். எண்ணைப் பார்த்து "ஒன்றுமில்லை, பயப்படுகிறாய்" என்று சொல்லாதீர்கள். ஆக்சிஜன் குறைந்திருந்தால் டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம். நீங்களாக அதைக் கூட்டக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு அதனால் உடலில் கரியமில வாயு தேங்கிவிடலாம். ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் ஆகாது.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து என்றதும் "முடித்துவிடப் பார்க்கிறார்களா?" என்று கேட்கும் உறவினர் உண்டு. கடைசிக் கட்டத்தில், மற்ற வழிகளில் அடங்காத திணறலுக்கு டாக்டர்கள் அதை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, கவனித்தபடியே கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுப்பது உயிரைப் பறிப்பது அல்ல. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். எல்லாவிதத் திணறலுக்கும் மார்ஃபின் பொருந்தாது, ஆகவே பக்கத்து வீட்டில் மிச்சமான மாத்திரை வேண்டவே வேண்டாம்.

திடீரென்று திணறல் கூடினால், "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடுவதும் தவறு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், சளித்தொற்று இருக்கலாம், ரத்தம் குறைந்திருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு வழி உண்டு. அலைய முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசி நாட்களில் தொண்டையில் 'கரகர' என்று சத்தம் வரலாம். கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை. நினைவு மங்கியவருக்கு அநேகமாகத் தெரியாது. குழாய்விட்டு உறிஞ்சச் சொல்லி நர்ஸை நெருக்காமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அந்நேரத்தில் வாயில் பால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஊற்றியே ஆகவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், பஞ்சில் தொட்டு உதட்டில் தடவிவிடச் சொல்லுங்கள்.