வீடற்றோர் பட்டியலைக் கைமாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு பிரதேச சபையின் கூட்ட அறையில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதங்களே ஆன உத்தியோகத்தர் ஒருவர், தன் கணினியில் இருந்த வீடற்ற குடும்பங்களின் கோப்பை முழுதாக ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதிரே இருந்த அரச சார்பற்ற நிறுவன உத்தியோகத்தரிடம் நீட்டினார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு மழைக்கு முன் கூரை கிடைக்க வேண்டும் என்பதே இருவரின் அவசரமும். பல ஆண்டுகளுக்கு முன் அதே அவசரத்தோடு அதே கையை நானும் நீட்டியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கடவுச்சொல் வைப்பது, முகவரி சரிபார்த்து மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாப் பட்டியல்களும் ஒரே மக்களைப் பற்றியவை என்று எண்ணுதல்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகளும், 435 கிராம அலுவலர் பிரிவுகளும், 17 உள்ளூராட்சி சபைகளும் இருக்கின்றன. இவற்றின் எல்லைகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. நல்லூர் பிரதேச செயலர் பிரிவின் ஒரு பகுதி மாநகர சபைக்குள்ளும் மற்றொரு பகுதி நல்லூர் பிரதேச சபைக்குள்ளும் வருகிறது. ஆகவே ‘நல்லூர்’ என்று தலைப்பிட்ட இரண்டு கோப்புகளை ஒன்றாக இணைத்தால், சில குடும்பங்கள் இருமுறை எண்ணப்படும், சில குடும்பங்கள் எதிலும் இராது.

அதைவிடப் பெரிய சிக்கல் சொல்லில் இருக்கிறது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, கையில் காணி உறுதியை வைத்துக்கொண்டு, இராணுவத்தின் பிடியிலிருந்த தன் காணிக்குள் போக முடியாமல் இருந்த குடும்பமும், தலைமுறையாகவே சொந்தக் காணி இல்லாமல், இடம்பெயர்ந்தோருக்கான முகாமான நலன்புரி நிலையத்தில் தங்கிப்போன குடும்பமும், உறவினர் வீட்டு விறாந்தையில் படுக்கும் முதியவரும் நம் கோப்புகளில் ‘வீடற்றோர்’ என்ற ஒரே நிரலுக்குள் அடைக்கப்படுகிறார்கள். முதலாமவருக்கு வேண்டியது காணி விடுவிப்பு, இரண்டாமவருக்குக் காணி, மூன்றாமவருக்குப் பராமரிப்பு. கோப்பைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அந்தச் சொல்லுக்குத் தாம் கொள்ளும் பொருளை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே எண்களைப் பேச வேண்டும்.

‘குறிப்பு’ என்ற கடைசி நிரல்

இன்றுவரை என்னை உறுத்தும் தவறு இது. செய்தது நான்.

அப்போது நான் ஒரு நிறுவனத்தில் தரவு உத்தியோகத்தராக இருந்தேன். எங்கள் கோப்பில் பதினான்கு நிரல்கள் இருந்தன. பெயர், அடையாள அட்டை இலக்கம், தற்போதைய முகவரி என்று போய், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு நிரல். அதில் என்ன எழுத வேண்டும் என்று யாரும் வரையறுத்திருக்கவில்லை. படலையடியில் நின்று அந்தக் குடும்பங்கள் சொன்னவற்றைக் களத்துக்குப் போனவர்கள் தங்கள் ஞாபகத்துக்காக எழுதியிருந்தார்கள். ‘கணவர் விட்டுச் சென்றவர்’, ‘மகனுக்கு மனநலச் சிகிச்சை’, ‘தாய்வீட்டில் ஏற்க மறுப்பு’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குடும்பத்தின் காயம் அரை வரியில் இருந்தது.

கூரைத் தகடு கொடுக்க முன்வந்த இன்னொரு அமைப்பு பட்டியலைக் கேட்டது. நான் ‘குறிப்பு’ நிரலை மறைத்துவிட்டு அனுப்பினேன். அழிக்கவில்லை, மறைத்தேன். என் திரையில் கோப்பு சுத்தமாகத் தெரிந்தது. அவர்கள் அந்த அட்டவணையைத் தெரிவு செய்து தங்கள் கோப்பில் ஒட்டியபோது, மறைந்திருந்த நிரலும் சேர்ந்து வந்து வெளிப்பட்டது. அதை எவரும் கவனிக்கவில்லை. பயனாளிகள் பட்டியலை ஊரில் காட்சிக்கு வைத்து ஆட்சேபம் கேட்பது நம் வழக்கம் என்பதால், அச்செடுத்துப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். நான்கு நாட்கள் அது அங்கே இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சுவரிலிருந்து அவர் உரித்தெடுத்த தாள் நான்காக மடிக்கப்பட்டுக் கையில் இருந்தது; மூலைகளில் பசையோடு சுண்ணாம்பும் ஒட்டியிருந்தது. அவருடைய பெயர், அவர் தங்கியிருந்த சிறியதாயார் வீட்டு முகவரி, அதே வரியின் முடிவில் ‘கணவரின் அடிக்குப் பயந்து பிள்ளைகளுடன் வந்திருக்கிறார்’ என்ற குறிப்பு. கணவரின் உறவினர்கள் அடுத்த ஊரில் இருந்தார்கள். முந்தின நாள் இரவே கணவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். “மிஸ், என்ர பேரை வெட்டி விடுங்கோ. எனக்கு வீடு வேண்டாம்” என்பதைத் தவிர அந்தப் பெண் வேறெதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு வேறு கிராம அலுவலர் பிரிவுக்குப் போனதால், வதிவை உறுதிப்படுத்த முடியாமல் அந்த ஆண்டின் வீட்டுத் திட்டத்திலும் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அவருக்கு வீடு கிடைப்பதற்காகவே நாங்கள் அந்த விவரங்களைச் சேகரித்திருந்தோம்.

அதன்பின் நான் மாற்றிக்கொண்ட நடைமுறை இதுதான். நிரலை மறைப்பதில்லை, வெற்றுக் கோப்பொன்றைத் திறந்து, எதிர்த்தரப்பின் வேலைக்கு எந்த விவரம் இல்லாமல் முடியாதோ அதை மட்டும் அதில் எடுத்து வைக்கிறேன். கூரைத் தகடு கொடுக்க ஒரு தொடர் இலக்கமும், கிராம அலுவலர் பிரிவும், கூரையின் அளவும் போதும். வீட்டைக் காட்டக் கிராம அலுவலர் கூடப் போவார். சுவரில் ஒட்டும் பட்டியல் வேறு, வேலைக்கான பட்டியல் வேறு. முதலாவதை இரண்டாவதிலிருந்து வெட்டி எடுக்காமல் தனியாகத் தயாரிக்க வேண்டும். குறிப்புகள் கோப்புக்குள் வரவே கூடாது. அவை களத்துக்குப் போனவரின் கொப்பியோடு நிற்கட்டும். அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பை அதைத் தயாரிக்காத ஒருவர் வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் வீடற்றோருக்கான சேவை விவரங்களை ஊர் நிர்வாகங்களும் தொண்டு அமைப்புகளும் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்ற பொதுத் தரவுத்தளத்தில் பகிர்கின்றன. ஆனால் குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தோருக்குச் சேவை செய்யும் அமைப்புகள் அவர்களின் அடையாளத்தை அந்தத் தளத்தில் பதிவதை அங்கே சட்டமே தடுக்கிறது. அவை வேறொரு தளத்தில் பதிந்து, ஆளை அடையாளம் காட்டாத தொகைகளை மட்டும் வெளியே தருகின்றன. நம்மிடம் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. இரண்டு கோப்புகளைத் தனித்தனியே வைத்திருக்கும் ஒழுங்கு ஒரு சாதாரணக் கணினியிலும் முடியும்.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்புதல்

பெயரை எடுத்துவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை விட்டுவைப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கின்றன. பெண்ணானால் அந்த நாளோடு 500 சேர்க்கப்பட்டிருக்கும். 85755 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டாலே, 1985 செப்டெம்பர் 11 ஆம் திகதி பிறந்த பெண் என்று சொல்லிவிடலாம். ஒரு சிறிய கிராம அலுவலர் பிரிவில் அந்த நாளில் பிறந்த வீடற்ற பெண் எத்தனை பேர் இருப்பார்கள்?

நலன்புரி நிலையத்தின் பெயரும் அப்படித்தான். சில நிலையங்களின் பெயரைச் சொன்னாலே அங்கே தங்கிப்போனவர்களின் சாதியை ஊர் அறிந்துகொள்ளும். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும், தெரியாதது போல் நடித்துக் கோப்பை அனுப்ப முடியாது.

பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் இரண்டு ஆட்களாக எண்ணுதல்

2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். பழைய இலக்கத்தின் முன் 19 ஐயும், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களின் பின் ஒரு சுழியத்தையும் சேர்த்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதியது வரும். ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றுங்கள். எக்செலில் அந்த நிரலை எழுத்து வடிவில் வையுங்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டு இலக்கம் சுருங்கி 1.98E+11 என்று நிற்கும்.

வாட்ஸ்அப் குழுவில் பட்டியல்

வேண்டாம்.

ஒரு கையெழுத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல்

2012 இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய் வழங்கப்பட்டது. அத்தகைய தொகை முன்னால் இருக்கும்போது, நீட்டப்படும் எந்தப் படிவத்திலும் மக்கள் கையெழுத்திடுவார்கள். ஆகவே அந்தக் கையெழுத்தை மட்டும் காட்டி, விவரங்களை எவருக்கும் கொடுக்கலாம் என்று வாதிடுவது நேர்மையாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக விவரம் பெறப்படுகிறது என்பதை வரையறுக்கவும் அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவோடு நிற்கவும் சொல்கிறது. உடல்நலம், பிள்ளைகள் பற்றிய விவரங்களைச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்றையும் தமிழில் வாசித்துக் காட்டி, மறுத்தாலும் உதவி நிற்காது என்பதையும் சொன்ன பிறகு பெறும் ஒப்புதலையே நான் ஒப்புதலாக எடுக்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2016 ஆம் ஆண்டின் அந்த 12 ஆம் இலக்கச் சட்டமே, பொது நலன் கோராதவிடத்து ஒருவரின் அந்தரங்கத்துள் தலையிடும் தனிப்பட்ட தகவலை மறுக்க 5 ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. எத்தனை குடும்பங்கள், எவ்வளவு செலவு என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் விடை கொடுங்கள்.

தெருவில் படுப்போரைப் பற்றிய பட்டியல்

பேருந்து நிலையத்திலும் கோயில் வீதியிலும் இரவில் படுப்போரின் இடத்தையும் நேரத்தையும் எழுதிய பட்டியல் தனி ஆபத்தைக் கொண்டது. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அத்தகையவர்களைக் கைதுசெய்யப் பொலிசாருக்கு வழி வைத்திருக்கிறது. சாப்பாடு கொண்டுபோவதற்காக எழுதிய தாள், அவர்களை ஏற்றிச் செல்வதற்கான தாளாக மாறலாம். இதை நான் எவருக்கும் கோப்பாகக் கொடுப்பதில்லை. எண்ணிக்கையைச் சொல்லுவேன், போக விரும்புபவரைக் கூட்டிச் செல்வேன்.

திரும்பி வராத பட்டியல்

கொடுத்த பட்டியல் அன்றைய நாளோடு உறைந்துவிடுகிறது. ஒருவர் இறந்திருப்பார், ஒருவருக்கு வேறு திட்டத்தில் வீடு கிடைத்திருக்கும், ஒருவர் தன் பெயரை நீக்கச் சொல்லியிருப்பார். வெளியமைப்பு இவற்றையெல்லாம் களத்தில் காண்கிறது. ஆனால் பிரதேச செயலகத்தின் கோப்புக்கு அவை வந்து சேர்வதில்லை. திட்டம் முடிந்ததும் அமைப்பு அலுவலகத்தைப் பூட்டுகிறது, கணினி கொழும்புக்குப் போகிறது, கோப்பும் அதனுள்ளேயே போகிறது. மாதத்தின் எந்த நாளில் திருத்தங்கள் திரும்பி வர வேண்டும், எந்தத் திகதியில் பிரதிகளை அழிக்க வேண்டும், அழித்ததை எவர் கையெழுத்திட்டு அறிவிக்க வேண்டும் என்பவற்றைக் கோப்பைக் கொடுக்கும் அன்றே எழுதி வாங்குங்கள். அமைப்பு ஊரைவிட்டுப் போன பிறகு தொலைபேசியில் கேட்டுப் பெற முடியாது.