ஸோக்ராஸ்கோப்: தட்டைப் படத்துக்குள் ஆழம் பார்க்கலாம்

18ஆம் நூற்றாண்டில் லண்டன், பாரிஸ் நகரங்களின் வசதியான வீடுகளில் மாலைப்பொழுதைப் போக்கிய கருவி இது. நிமிர்ந்து நிற்கும் பெரிய குவிலென்ஸ், அதன் பின்னால் 45 பாகையில் சாய்ந்த முகம்பார்க்கும் கண்ணாடி, கீழே மேசைமேல் கையால் வண்ணம் தீட்டிய அச்சுப்படம். இவ்வளவுதான். ஆனால் லென்ஸ் வழியே பார்த்தால் தாளில் இருக்கும் தெரு உள்ளே நீண்டு போகும்.

இதை வீட்டிலேயே செய்துவிடலாம். முதலில் லென்ஸ். இரண்டு கண்ணும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதால் 12 செ.மீ. விட்டமாவது வேண்டும். பிளாஸ்டிக் லென்ஸ் வேண்டவே வேண்டாம். ஓரங்களில் கோடுகள் நெளிகின்றன. கண்ணாடி லென்ஸே வாங்குங்கள். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

அடுத்து குவியத்தூரம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தொலைவில் உள்ள மரம் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தில், சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். என் லென்ஸுக்கு 30 செ.மீ. வந்தது.

இங்கேதான் இரண்டு மாலைகளை இழந்தேன். கண்ணாடியிலிருந்து படம்வரை 30 செ.மீ. வைத்தேன், எல்லாம் மங்கல். லென்ஸிலிருந்து கண்ணாடிக்கு உள்ள 12 செ.மீ.யையும் சேர்த்துத்தான் 30 வர வேண்டும். ஆகவே கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே 18 போதும். அப்படி வைத்ததும் படத்திலிருந்து வரும் ஒளி இணைகதிர்களாகக் கண்ணை அடைகிறது. கண் அதை வெகுதொலைவுக் காட்சியாகவே எடுத்துக்கொள்கிறது. தாளின் விளிம்பு தெரிந்தால் அந்த மயக்கம் கலைந்துவிடும். லென்ஸைச் சுற்றிக் கறுப்பு அட்டை ஒட்டுங்கள்.

படத்துக்கு, கோடுகள் ஒரே புள்ளியை நோக்கி ஓடும் தெருவோ கால்வாயோதான் சிறந்தது. பாரிஸ், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், இத்தாலியின் பஸ்ஸானோ நகர அச்சகங்கள் இதற்கென்றே படங்கள் அச்சிட்டன. அவற்றில் பலவற்றின் மேல்தலைப்பு இடவலம் மாறியிருக்கும். கண்ணாடி அதை நேராக்கிவிடும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இந்தப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் சொந்தப் புகைப்படம் என்றால் இடவலம் திருப்பி அச்சிடுங்கள்.

பிற்சேர்க்கை: படம் தலைகீழாகத் தெரிகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படத்தின் வானம் உங்கள் பக்கம் இருக்கும்படி தாளைத் திருப்பி வையுங்கள்.