ஊர் திரும்பும்போது பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவது

சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியபோது, வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்றுவதற்குப் பட்ட பாட்டில் பாதியைக்கூடப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு நாங்கள் படவில்லை. நம்ம ஊர்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. மகன் அங்கே தொடக்கநிலை ஐந்து முடித்திருந்தான். மகள் பாலர் பள்ளி. வந்து இறங்கிய மறுவாரமே ஒரு பள்ளி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் கோப்பை ஒருமுறை புரட்டிவிட்டு, "டி.சி. எங்க சார்?" என்றார்.

தேர்ச்சி அறிக்கை இருந்தது, தடுப்பூசி அட்டை இருந்தது, நீச்சல் சான்றிதழ்கூட இருந்தது. டி.சி. இல்லை. நம் ஊரில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு நகர்வது கடினம். வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அப்படி ஒரு தாளே கிடையாது. அமெரிக்காவில் மதிப்பெண் பதிவேட்டைத் தருவார்கள், அவ்வளவுதான். எனவே கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள பள்ளியிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். பள்ளியின் முகவரித் தாளில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை படித்தான், கடைசியாக முடித்த வகுப்பு, அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றானா, பயிற்று மொழி, நடத்தை. இவ்வளவும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் இங்கே அதை டி.சி.யாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்கு வந்தபிறகு கேட்டால் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட வேண்டிவரும். நான் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 8-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளையை, டி.சி. வரத் தாமதமாகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது. தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே எல்லாம் அந்த மேசைக்காரரின் மனசைப் பொறுத்தது.

எந்த வகுப்பு, எந்த மாதம்

எல்லோரும் முதலில் எந்தப் பள்ளி என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். மாமா ஒரு பெயர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு பெயர். நான் பட்டு அறிந்த வரையில், பள்ளியின் பெயர் மூன்றாவது கேள்வி. எந்த வகுப்பில் சேரப் போகிறான், எந்த மாதத்தில் வந்து இறங்குகிறோம் என்ற இரண்டையும் முதலில் தீர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கி, மே விடுமுறை விட்டு, ஜூனில் தொடர்வதும் உண்டு. வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. அங்கும் ஏப்ரல், மார்ச் கணக்குதான். அமெரிக்காவில் மே கடைசியிலோ ஜூன் நடுவிலோ ஆண்டு முடிவதால் அதுவும் ஒத்துப்போகும். பிரிட்டனில் ஜூலை கடைசியில்தான் முடியும். இங்கே வரும்போது இரண்டு மாதப் பாடம் போயிருக்கும். சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும்தான் சங்கடம். நவம்பரிலோ டிசம்பரிலோ ஆண்டு முடிந்து வந்தால், இங்கே அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்.

அப்படி வருபவர்களுக்கு இரண்டு வழி. முடித்த வகுப்பிலேயே ஜனவரியில் உட்கார்ந்து நான்கு மாதம் படிப்பது, அல்லது ஜூன்வரை காத்திருந்து அடுத்த வகுப்பில் சேர்வது. நாங்கள் மகனுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அந்த ஐந்து மாதமும் தமிழ் எழுதப் பழகினான், தாத்தாவுடன் காவேரிப் பாலத்தில் நடந்தான். ஜூனில் 6-ஆம் வகுப்பு. மகளுக்கு நேர்மாறாகச் செய்தோம். சின்னப் பிள்ளை, ஜனவரியிலேயே எல்.கே.ஜி.யில் விட்டோம், பாடம் போகட்டும், பழகட்டும் என்று.

வயதுக் கணக்கில் ஒரு குழப்பம் வரும். தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் 1-ஆம் வகுப்பு என்பது வழக்கம். கேந்திரிய வித்யாலயாக்களில் 2022-23 முதல் 6 வயது நிறைந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 7 வயதாகும் ஆண்டில்தான் தொடக்கநிலை ஒன்று. ஆகவே அங்கிருந்து வரும் பிள்ளை இங்கே தன் வகுப்பில் ஒரு வயது மூத்தவனாக இருப்பான். பிரிட்டனில் 'இயர்' எண்ணில் ஒன்றைக் கழித்தால் ஏறக்குறைய நம் வகுப்பு வந்துவிடும். உறவுக்காரர்கள் "ஒரு வகுப்பு மேலே தள்ளிச் சேர்த்துவிடு, வருஷம் வீணாகக்கூடாது" என்பார்கள். கேட்காதீர்கள். புது ஊர், புது மொழி, வகுப்பில் ஐம்பது பேர் என்று ஏற்கெனவே தடுமாறுகிற பிள்ளைக்கு, படிக்காத பாடத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டாம்.

6-ஆம் வகுப்பு என்பதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் அதே 7.5 விழுக்காடு வந்தது. ஆக, அரசுப் பள்ளியை யோசிப்பவர்கள் 6-ஆம் வகுப்புக்குள் வந்துவிடுவது நல்லது. "ஃபாரின்ல இருந்து வந்து கவர்மென்ட் ஸ்கூலா?" என்று என் அக்காவே கேட்டாள். ஆங்கில வழிப் பிரிவு உள்ள அரசுப் பள்ளிகள் நிறைய உண்டு. எதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பேரைக் கேட்டே ஒதுக்க வேண்டாம்.

எந்த நேரத்தில் வரக்கூடாது என்பதும் முக்கியம். 9 முடித்து 10-க்கும், 11 முடித்து 12-க்கும் இடையில் மாறுவதை முடிந்தவரை தவிருங்கள். சி.பி.எஸ்.இ.யில் 9-இலும் 11-இலுமே மாணவர் பெயரைப் பதிந்துவிடுகிறார்கள். நேரே 10-இலோ 12-இலோ சேர்வதற்குத் தக்க காரணமும் வாரியத்தின் விதிப்படியான அனுமதியும் வேண்டும். வேறு வழியில்லை என்றால், அங்கேயே 10-க்கு இணையான தேர்வை முடித்துவிட்டு இங்கே 11-இல் சேர்வது எவ்வளவோ மேல்.

பாடத்திட்டம்

மெட்ரிக் வேறு, ஸ்டேட் போர்டு வேறு என்று நாம் விட்டுப்போன காலத்து நினைப்பிலேயே இருப்போம். 2010-இல் சமச்சீர்க் கல்வி வந்தபிறகு மெட்ரிக் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பாடநூல் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் கட்டடத்திலும் கட்டணத்திலும் பயிற்று மொழியிலும். மறுபடி வெளிநாடோ வடமாநிலமோ போகக்கூடும் என்றால் சி.பி.எஸ்.இ. வசதி. துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் அதே பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே கல்லூரிவரை இருப்பதாக முடிவென்றால் மாநிலப் பாடத்திட்டத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. பொறியியல் கலந்தாய்வு 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது, நுழைவுத் தேர்வு இல்லை.

தமிழ்தான் உண்மையான நுழைவுத் தேர்வு

வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை, ஆகையால் தமிழ்ப் பாடம் பிரச்சினையில்லை என்று நாங்கள் நம்பினோம். பேசுவது வேறு, 6-ஆம் வகுப்பில் செய்யுளை மனப்பாடமாக எழுதுவது வேறு. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. 1-ஆம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக 10-ஆம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடமானது. 2015-16 முதல் சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் அதே முறையில் விரிவுபடுத்தினார்கள். எனவே எந்தப் பள்ளியானாலும் தமிழைத் தாண்டிப் போக முடியாது. சேர்க்கையின்போதே தமிழ் எந்த நிலையில் நடத்தப்படுகிறது, பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாக உட்கார்த்திச் சொல்லித்தர ஆள் உண்டா என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு தமிழம்மா மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினார். அந்தப் பதினைந்து நிமிடம் டியூஷனைவிடப் பெரிதாக உதவியது.

கிளம்புவதற்கு ஓராண்டு முன்பே தொடங்கலாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளை சேரப்போகும் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது. எங்கள் மகன் தடுமாறியது வாசிப்பதில் அல்ல, சொல்வதெழுதுதலில்தான். ற, ர எங்கே வரும் என்பது காதால் வருவதில்லை, கையால் எழுதி எழுதித்தான் வரும்.

தாள்கள்

முதலில் குடியுரிமை. பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் சுலபம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். சுற்றுலா விசாவில் கூட்டிவந்து பள்ளியில் போட்டுவிட முடியாது. ஓ.சி.ஐ. இருந்தால் பள்ளிப் படிப்புக்கு மாணவர் விசா தேவையில்லை. ஆனால் கல்லூரி என்று வரும்போது நிலைமை வேறு. 2021 மார்ச் 4-ஆம் தேதி அறிவிக்கையின்படி, நீட், ஜே.இ.இ. போன்றவற்றில் ஓ.சி.ஐ. பிள்ளைகள் வெளிநாடு வாழ் இந்தியர்க்குரிய இடங்களுக்குத்தான் போட்டியிடலாம். இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கு முடியாது. அந்தத் தேதிக்கு முன் அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. பிள்ளையின் குடியுரிமையை மாற்றுவதா வேண்டாமா என்ற யோசனையில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

ஆதாரைப் பொறுத்தவரை, பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாக்க முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் அலுவலகத்தில் கேட்பார்கள், எடுத்துவைப்பது நல்லது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வந்த உடனே விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. என்றால் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழுக்கும் பள்ளிக் கடிதத்துக்கும் வெளிநாட்டிலேயே மேலொப்பம் வாங்கிவிடுங்கள். ஒரு நாட்டின் தாளை இன்னொரு நாடு ஏற்க உதவும் அப்போஸ்டில் முத்திரையை இந்தியா 2005 முதல் ஏற்கிறது. சிங்கப்பூர் 2021-இலும் கனடா 2024 ஜனவரியிலும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. அமீரகம் அதில் இல்லை. அங்கே வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியத் தூதரகம் என்று இரண்டு படி ஏற வேண்டும். எல்லாப் பள்ளியும் இதைக் கேட்பதில்லை. கேட்கிற பள்ளியில் போய் மாட்டிக்கொண்டால், அங்குள்ள நண்பரை அலைக்கழிக்க வேண்டிவரும்.

பணம்

நன்கொடை வாங்குவதும் பிள்ளைக்குத் தேர்வு வைத்துப் பொறுக்குவதும் கல்வி உரிமைச் சட்டத்தில் தடை. நடைமுறையில் தேர்வுக்கு 'இன்டராக்‌ஷன்' என்று பெயர். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கவே தமிழ்நாட்டின் 2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஒரு குழு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் தொகை கொஞ்சம் நீளும். எதற்குக் கட்டினாலும் ரசீது கேளுங்கள். ரசீது தர மாட்டோம் என்ற ஓர் இடத்திலிருந்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

பெயர்

இதை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டுச் சான்றிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் நடுவே 'சன் ஆஃப்' வேறு. இங்கே இனிஷியல். சேர்க்கைப் பதிவேட்டிலும், மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்திலும் ஏறுகிற பெயர்தான் கடைசியில் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்வரை போகும். பிற்பாடு பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இரண்டும் பொருந்த வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதுங்கள். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை வீட்டிலேயே ஒருமுறை முடிவு செய்துவிட்டு, எல்லாத் தாளிலும் அதையே போடுங்கள். பதிவேற்றியபின் ஒரு பிரதி கேட்டு வாங்கி, ஆங்கிலத்தோடு தமிழ் எழுத்தையும் பாருங்கள். எங்கள் மகள் பெயரில் மூன்று சுழி ண வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன விழுந்திருந்தது. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, யு.கே.ஜி. போனபின் அவளே.