எலிசபெத் காலத்துக் கூலிச் சட்டம்: படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

முதலாம் எலிசபெத் ஆட்சியில், 1563-ல், இங்கிலாந்து நாடாளுமன்றம் கைவினைஞர் சட்டத்தை நிறைவேற்றியது. கூலி, வேலை நேரம், தொழில் பழகும் காலம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தன. இதைப் படிக்கிற மாணவர்கள் பலர் இன்றைய தொழிலாளர் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டே படிக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரிய தவறு, இந்தச் சட்டப்படி உள்ளூர் நீதிபதிகள் நிர்ணயித்த கூலியைக் குறைந்தபட்சக் கூலி என்று எடுத்துக்கொள்வது. அது உச்சவரம்பு. கொள்ளைநோயில் ஏராளமானோர் மாண்டு, மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டபோது அதைத் தடுக்க 1349-லும் 1351-லும் வந்த சட்டங்களின் வாரிசு இது. வரம்புக்கு மேல் கொடுத்தவருக்கு 10 நாள் சிறை, 5 பவுண்டு அபராதம். வாங்கியவருக்கு 21 நாள் சிறை. கூலியை நிர்ணயித்த நீதிபதிகளில் பெரும்பாலோர் அந்தந்தக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) நிலக்காரர்கள். அதாவது, ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களே கூலிக்கும் வரம்பு போட்டார்கள்.

அதற்காக, இது தொழிலாளியை நசுக்க மட்டுமே வந்த சட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் கூடாது. விலைவாசி ஏறிவிட்டது, பழைய கூலி கட்டுப்படியாகாது என்று சட்டத்தின் முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி, விளைச்சலையும் பஞ்சத்தையும் பார்த்துக் கூலியைத் திருத்தச் சொன்னார்கள். 1604-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: துணி உற்பத்தி முதலாளிகள் நிர்ணயித்த கூலிக்குக் குறைத்துக் கொடுத்தால் அபராதம். துணி முதலாளியே நீதிபதியாக இருந்தால், நெசவாளர் கூலியை முடிவு செய்யும் இடத்தில் அவர் உட்காரக் கூடாது. இந்த விதிவிலக்கைப் பலரும் கவனிப்பதே இல்லை.

அப்புறம் இன்னொரு தவறு, நீதிபதிகள் போட்ட கூலிப் பட்டியலை வருமானக் கணக்காக மாற்றுவது. பட்டியல்களில் சாப்பாட்டோடு ஒரு கூலி, சாப்பாடு இல்லாமல் ஒரு கூலி என்று இரண்டு இருக்கும். எது என்று பார்க்காமல் எடுத்தால் கணக்கே தப்பாகிவிடும். நாள் கூலியை ஆண்டு முழுவதுக்கும் பெருக்குவதும் சரியில்லை. தினக்கூலிக்காரருக்கு எல்லா நாளும் வேலை கிடைக்கவில்லை. பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தில் தங்கி வேலை செய்தவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. வேலை நேரமும் கடுமை: மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை காலை 5 மணிக்குத் தொடங்கி மாலை 7, 8 மணிவரை, இடைவேளை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்கு மிகாமல். ஒரு மணி நேரம் வராவிட்டால் ஒரு பென்னி பிடித்தம்.

பெண்களுக்கு இதில் இடமில்லை என்று நினைப்பதும் தவறு. 12 முதல் 40 வயதுவரை மணமாகாத பெண்களை வேலைக்குப் போகும்படி அதிகாரிகள் கட்டாயப்படுத்த முடிந்தது, மறுத்தால் சிறை.

தொழில் பழகுவதில் இரண்டு வகையைக் கலந்துவிடுகிறார்கள். 1563 சட்டப்படி 7 ஆண்டு, நகரங்களில் 24 வயது முடியும்வரை, குருவின் வீட்டில் தங்கித் தொழில் கற்றவர்கள் ஒரு வகை. 1601 ஏழைச் சட்டத்தின் கீழ் உள்ளூர் அதிகாரிகள் யாரிடமாவது ஒப்படைத்த ஏழைக் குழந்தைகள் இன்னொரு வகை. அவர்களில் பலர் வெறும் வீட்டு வேலை, பண்ணை வேலைதான் பார்த்தார்கள். தொழில் பழகாமல் கடை வைத்தால் மாதத்துக்கு 40 ஷில்லிங் அபராதம், அதில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு. எனவே நீதிமன்றப் பதிவில் வழக்குகள் கூடினால், மீறலும் கூடியது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். துப்புக்காரர்கள் மும்முரமாக இருந்திருக்கலாம். 1563-ல் இல்லாத புதுத் தொழில்களுக்கு இந்த விதி செல்லாது என்றும் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன.

சில நூல்களில் 1562 என்று இருக்கும். அன்று ஆண்டு மார்ச் 25-ல் பிறந்ததால் வந்த வித்தியாசம் அது, சட்டம் ஒன்றுதான்.

கூலிப் பிரிவுகள் 1813-லும் பழகுநர் பிரிவுகள் 1814-லும் நீக்கப்பட்டன. தொழிலாளிகள் இதைக் கொண்டாடியிருப்பார்கள் என்று ஊகித்து எழுதிவிடாதீர்கள். பழகுநர் விதியை நீக்காதீர்கள், ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்று கைவினைஞர்கள் திரளாக மனுப் போட்டார்கள்; பயிற்சி இல்லாத ஆட்களைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள முதலாளிக்கு அன்று தடையாக இருந்தது அந்த விதிதான்.