சபா லாபியைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரை நூற்றாண்டைத் தாண்டிய கச்சேரி அரங்குகளைப் புதுப்பிக்கும் வேலை இப்போது இளைய ஆர்க்கிடெக்டுகளிடம் அதிகமாக வருகிறது. அவர்கள் கொண்டுவந்து காட்டும் வரைபடங்களில் அதே பழைய தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வர்ணம் பொருந்தவில்லை, சோபா சரியில்லை என்பதையெல்லாம் அடுத்த மார்கழிக்குள் மாற்றிக்கொள்ளலாம். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரட்டைக் கதவை எடுத்துவிடுவது

பழைய அரங்குகளில் லாபியிலிருந்து உள்ளே போக ஒரு கதவு, நாலு எட்டு இருட்டான இடைவழி, அப்புறம் இன்னொரு கதவு இருக்கும். வரைபடத்தில் அந்த இடைவழி வீணாய்க் கிடக்கும் இடம் போலத்தான் தெரியும். "இதை எடுத்துட்டா லாபி பெரிசாயிடும் சார்" என்று உற்சாகமாகச் சொல்வார்கள். கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வரும்.

அந்த இடைவழிதான் கச்சேரியைக் காப்பாற்றுகிறது. முதல் கதவு மூடிய பிறகே இரண்டாவது கதவு திறக்கிற அளவுக்கு நீளம் விட்டிருப்பார்கள். சுவரும் கூரையும் ஒலியை உறிஞ்சும், கீழே கார்ப்பெட், மேலே மங்கலான விளக்கு. லாபியின் சத்தமும் வெளிச்சமும் அங்கேயே தங்கிவிடும். நம் ஊரில் இதன் தேவை இன்னும் அதிகம். மேற்கத்திய இசை அரங்கில் இடைவேளையில்தான் கூட்டம் வெளியே வரும். இங்கே மிருதங்கக்காரர், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் ஒரு கூட்டம் காபிக்கு எழுந்துவிடும். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் கட்டடத்தால் பழக்கத்தை மாற்ற முடியாது, அதைத் தாங்கிக்கொள்ளத்தான் முடியும். கதவு ஓயாமல் திறந்து மூடும் நேரத்தில்தான் மேடையில் ஒரு கலைஞர் தன் வாழ்நாள் சாதகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சபாவில் மர இரட்டைக் கதவுகளைக் கழற்றிவிட்டு, சட்டமில்லாத 12 மி.மீ. கண்ணாடிக் கதவு ஒன்றை மட்டும் மாட்டினார்கள். லாபி அழகாகத்தான் இருந்தது. சீசன் தொடங்கியதும் தாழ்ந்த சுரங்களில் போகும் மந்தர ஸ்தாயி ஆலாபனைக்கு நடுவே காண்டீன் டம்ளர் சத்தம் பாதி அரங்கு வரை கேட்டது. திரைச்சீலை தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் பின்வரிசை நாற்காலிகளைப் பெயர்த்து, புதிதாய்ப் போட்ட ஃபால்ஸ் சீலிங்கை உடைத்து, ஏசி குழாயைத் திருப்பிவிட்டு, அரங்கத்துக்கு உள்ளேயே இடைவழியைக் கட்ட வேண்டியதாயிற்று. லாபிக்குக் கிடைத்த இடத்துக்கு விலையாக, விற்கக்கூடிய இருக்கைகள் பறிபோயின.

கண்ணாடி கனமாய் இருந்தால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கதவின் பரப்பில் 1 சதவீதம் இடைவெளி இருந்தாலே, கதவு எவ்வளவு கனமானாலும் ஒலித்தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 1.8 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள இரட்டைப் பலகைக் கதவைச் சுற்றியும் நடுவிலும் 4 மி.மீ. சந்து விட்டால் அந்த 1 சதவீதம் வந்துவிடும். சட்டமில்லாத கண்ணாடிக் கதவுக்கு அவ்வளவு சந்து சாதாரணம். அதனால் சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் கதவு மூடும்போது தானாக இறங்கும் சீல், சத்தமில்லாத டோர் குளோசர் ஆகிய மூன்றையும் டெண்டரிலேயே எழுதுங்கள். செலவு குறைக்கும் பேச்சு வரும்போது முதலில் வெட்டுப்படுவது இவைதான், விட்டுக்கொடுக்காதீர்கள். லாபியும் அரங்கமும் ஒரே ஏசி குழாயைப் பகிர்கின்றனவா என்பதையும் பாருங்கள். பகிர்ந்தால், கதவில் தடுத்த சத்தம் குழாய் வழியே வந்து சேரும்.

காலியிடத்தை நிரப்புவது

லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் 1951இல் திறந்தது. அரங்கத்தைத் தூண்கள்மேல் உயர்த்தி, அதன் அடியில் லாபியைத் தடையின்றி ஓடவிட்ட வடிவமைப்பு அது. ஆண்டுகள் போகப்போகக் கடைகளும் அலுவலகங்களும் அந்த இடத்தைத் தின்றன. 2005இல் மூடி 2007இல் மறுபடி திறந்தபோது செய்த பெரிய வேலைகளில் ஒன்று, அலுவலகங்களைப் பக்கத்து ரயில் பாலத்தை ஒட்டிய தனிக் கட்டடத்துக்கு மாற்றி, லாபியை அதன் பழைய விசாலத்துக்குத் திருப்பியது. நாமோ ஸ்பான்சர் ஸ்டாலுக்கு முதல் நாளிலேயே இடம் குறித்துவிடுகிறோம்.

சரிவுப்பாதையைக் கடைசியில் யோசிப்பது

150 மி.மீ. உயரத்தில் மூன்று படி என்றால் மொத்தம் 450 மி.மீ. ஏற வேண்டும். 1:12 சரிவுக்கு, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில், 5.4 மீட்டர் நீளம் தேவை, மேலும் கீழும் சக்கர நாற்காலி திரும்ப இடம் தனி. வேலை முடிகிற நேரத்தில் அவ்வளவு இடம் எங்கும் மிச்சமிருக்காது. அப்போதுதான் செங்குத்தாய் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பார்கள். கச்சேரி கேட்க வருபவர்களில் எத்தனை பேருக்கு முழங்கால் வலி என்பது சபாக்காரர்களுக்கே தெரியும்.

பளபள கிரானைட்

டிசம்பர் மழை, சொட்டும் குடை. வேண்டாம்.

பெண்கள் கழிப்பறை

ஆண்களுக்குச் சமமாக வைத்தால் குறைவாக வைத்தீர்கள் என்று அர்த்தம்.

வெளியேறும் வழியை அலங்காரத்தில் மறைப்பது

1997இல் டெல்லி உபஹார் திரையரங்கத் தீயில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் வெளியேறும் வழியைக் கூடுதல் இருக்கைகள் அடைத்திருந்தன. புதுப்பிக்கும்போது ஒரு மரப் பலகைச் சுவர், ஒரு பேனர் சட்டம், ஒரு ரோலிங் ஷட்டர் போதும், அதே நிலை இங்கேயும் வந்துவிடும். திறப்பு விழாவுக்கு முன் எல்லா வெளிக்கதவுகளையும் நீங்களே தள்ளித் திறந்து, தெரு வரை நடந்து பாருங்கள். வாட்ச்மேனிடம் சாவி கேட்க வேண்டியிருந்தால் அந்தக் கதவை வெளியேறும் வழிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.